மேகம் மூடிய மாதங்கள்

அந்த விளையாட்டு மைதானத்தில் வேலை பார்த்த யாரையும் பெற்றவர்கள் வைத்த பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை. அதற்குக் காரணம் ஒரே ஓர் ஆள். ஆடுகளத்தை அழுத்திச் சமன் செய்யும் உருளை வண்டியை இருபது வருஷமாக ஓட்டுகிறவர். ஆளும் அந்த வண்டிக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி இருப்பார். அதனால் அவர் ரோலர். அந்தப் பெயரையும் அவரேதான் தனக்கு வைத்துக்கொண்டார். "அடுத்தவன் வெச்சா அசிங்கமா வெப்பான். நாமளே வெச்சுக்கிட்டா கொஞ்சம் மரியாதையா இருக்கும் பாரு" என்பார்.

நாளெல்லாம் ரப்பர் குழாயோடு மல்லுக்கட்டிப் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவருக்குப் பைப்பு என்று பெயர். எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்றே பதில் சொல்லும் சூப்பர்வைசர், முதுகுக்குப் பின்னால் பார்ப்போம். ரோலர் வாயில் விழுந்து எழுந்த பெயர் அதோடு ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ரோலர் இருக்கும் இடத்தில் சிரிப்பு இருக்கும், சிரிப்பு இருக்கும் இடத்தில் வேலை ஓடும் என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார்.

பூச்சு என்று பின்னால் பெயர் வாங்கியவன் அங்கே வந்து சேர்ந்தது ஒரு கோடைத் தொடக்கத்தில். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. பிறவியிலேயே உடம்பில் நிறம் ஊறாதவன். தலைமுடி, புருவம், இமைமுடி எல்லாம் காய்ந்த புல்லின் நிறத்தில் இருக்கும். வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசும், பார்வையும் மங்கல். எதைப் படிப்பதானாலும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் படிப்பான். மைதானத்தில் வெள்ளைக் கோடு போடும் வேலைக்கு இவனையா எடுத்தார்கள் என்று ரோலரும் பைப்பும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஒரே வாரத்தில் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பார்வை நன்றாக இருக்கிறவன் கண்ணை நம்பிக் கோணலாகப் போடுவான். இவன் கண்ணை நம்பவில்லை, கயிற்றை நம்பினான். இரண்டு முனையிலும் முளை அடித்து, கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பான். அதன் பிறகுதான் வெள்ளைச் சாயம் நிரப்பிய தள்ளுவண்டியைத் தொடுவான். கயிற்றுக்கு மேலேயே முகம் இருக்கிற மாதிரி குனிந்து நடந்துகொண்டே போவான். முடித்துவிட்டு நிமிர்ந்தால், ஸ்கேலை வைத்து அளந்தாலும் பிசகு கண்டுபிடிக்க முடியாது.

வேலைக்கு இறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே வந்துவிடுவான். சாமான் அறையில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, பையிலிருந்து சன்ஸ்கிரீன் டியூபை எடுப்பான். நெற்றியில் ஆரம்பித்து மூக்கு, கன்னம், காது மடல், காதின் பின்புறம், பிடரி, விரல்களின் மேல்பக்கம் வரை ஓர் இடம் விடாமல் தடவுவான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி வந்து தடவிக்கொண்டு போவான். அம்மா இறந்த பிறகு அவனை வளர்த்த அக்கா பழக்கிய பழக்கம் அது. அக்கா தையல்காரி. மணிக்கட்டு வரை வரும் கையும் கழுத்தை மூடும் காலரும் வைத்து அவனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். காதும் பிடரியும் நிழலில் இருக்கிற மாதிரி அகல விளிம்பு வைத்த துணித் தொப்பியும் அவள் தைத்ததுதான்.

முதல் நாள் காலையில் அந்தக் காட்சியைப் பார்த்ததும் ரோலருக்கு நாக்கு நமைத்தது.

"என்னப்பா, கட்டடம் கட்டி முடிஞ்சாச்சு போலிருக்கே. பூச்சு வேலை நடக்குதா?"

பைப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாளியில் உட்கார்ந்திருந்தவனும் சிரித்தான். "ஆமாண்ணே, தினமும் பூசணும். இல்லேன்னா சுவர் உதிர்ந்துடும்" என்றான். அந்தப் பதில் ரோலருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அவன் பூச்சு.

ரோலர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் பாவம். உச்சி வெயிலில் பூச்சுவை வெளியே அனுப்பக் கூடாது என்று சூப்பர்வைசரோடு சண்டை போட்டவர் அவர்தான். "காலையில ஏழுலேர்ந்து பத்து, சாயங்காலம் நாலுக்கு மேல. நடுவுல அவன் சாமான் அறையில வலை தைக்கட்டும்" என்று ஒற்றைக் காலில் நின்று சாதித்தார். லீவு நாளில் அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். ரோலரின் மனைவி அவனுக்குத் தட்டு வைத்துவிட்டுத்தான் தன் புருஷனுக்கே வைப்பாள். பிள்ளை இல்லாத வீடு. அவன் வந்துவிட்டால் அந்த வீட்டில் சத்தம் கூடிவிடும்.

கோடை முடிந்து மேகம் மூடும் மாதங்கள் வந்தன. நாள் முழுக்க வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும். காலையில் பனி, மத்தியானம் தூறல், சாயங்காலம் குளிர்காற்று. மற்றவர்கள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். பூச்சு மட்டும் வழக்கம்போல வாளியில் உட்கார்ந்து டியூபைப் பிதுக்கிக்கொண்டிருந்தான்.

"டேய், வெயிலே லீவு போட்டுட்டுப் போயிடுச்சு. உன் டியூப் மட்டும் ஓவர்டைம் பாக்குதே" என்றார் ரோலர்.

"வருஷம் பூரா பூசணும்ணே. மேகமா இருந்தாலும் விடக் கூடாதாம். அக்கா சொல்லியிருக்கு."

"உங்க அக்கா ராத்திரி நிலா வெளிச்சத்துக்கும் பூசச் சொல்லிச்சா?"

அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஜோக் ஒன்று கிடைத்துவிட்டால் அதைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிடுவது ரோலரின் சுபாவம். அந்த மாதம் முழுக்க நிலா வெளிச்சத்தையே வைத்துப் பிழைப்பு நடத்தினார்.

அப்புறம் அந்த நாள் வந்தது. வெளியூர் அணி ஒன்று பயிற்சிக்கு வந்திருந்தது. தூறல் விடவில்லை. இருபது ஆட்டக்காரர்கள் கூரைக்குக் கீழே பெஞ்சுகளில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்காமல் விட்டால் தனக்குத் தூக்கம் வராது என்று ரோலருக்குத் தோன்றிவிட்டது. கோடு போடும் வெள்ளைச் சாயத்தில் இரண்டு கையையும் முக்கினார். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். உள்ளங்கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, நெற்றியில் ஒரு இழுப்பு, மூக்கில் ஒரு இழுப்பு, காதுக்குப் பின்னால் விரலை விட்டு ஒரு சுழற்று. அப்படியே எழுந்து, வானத்தை அண்ணாந்து பார்த்து, ஒரு தூறல் சொட்டு கன்னத்தில் விழுந்ததும் "ஐயோ, வெயில் சுடுதே!" என்று அலறினார்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. ஒருத்தன் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தே விட்டான். சிரிப்பு அடங்குகிற நேரத்தில் எல்லோர் பார்வையும் ஒரு பக்கம் திரும்பியது. சாமான் அறை வாசலில் பூச்சு நின்றுகொண்டிருந்தான். பாதி பூசிய முகம், கையில் மூடி திறந்த டியூப். இருபது பேரும் அவனைப் பார்த்து மறுபடி சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போய், முகத்தை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலையில் வாளி சும்மா கிடந்தது.

"என்னடா, இன்னிக்குப் பூச்சு வேலை இல்லையா?"

"மேகமாத்தானே இருக்கு. எதுக்குண்ணே?"

"அப்படிச் சொல்லு! இப்பதான்டா நீ நம்ம ஆளு" என்று ரோலர் அவன் தோளில் ஓங்கித் தட்டினார். அந்தக் காய்ந்த புல் நிறப் புருவங்கள் இரண்டும் மேலே ஏற, அவன் முகம் மலர்ந்தது. சந்தோஷத்தில் ரோலர் தன் அலமாரியைத் திறந்து, மைதானத்தின் சின்னம் போட்ட நீலத் தொப்பி ஒன்றை எடுத்து அவன் தலையில் வைத்தார். முன்பக்கம் மட்டும் விளிம்பு வைத்த தொப்பி. பழைய ஆட்களுக்கு மட்டும் கொடுப்பது. "அந்தக் குடையைக் கழட்டி வீட்டுல வை. இதைப் போடு" என்றார்.

அக்கா தைத்த தொப்பி அதன்பின் பையிலிருந்து கோடையில் மட்டும்தான் வெளியே வந்தது. டியூபும் அப்படித்தான். வானம் மூடிக்கொண்டால் அவனும் மற்றவர்களைப் போல நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு, காதும் கழுத்தும் காற்றாட, நாளெல்லாம் வெளியே நின்றான். வெயில் இல்லாத மாதங்கள்தானே என்று உச்சிப்பொழுதிலும் வெளியே வேலை பார்த்தான். வலை தைக்கும் வேலை பைப்புக்குப் போயிற்று.

ரோலரின் மனைவிதான் ஒரு தடவை கேட்டாள். "இந்தப் பிள்ளை முகத்துல ஒண்ணும் தடவிக்கிறதில்லையே இப்பல்லாம். பரவாயில்லையா?"

"மழைக்காலத்துல எதுக்கு? அந்தப் பழக்கத்தை விட வெச்சதே நான்தான்."

"டாக்டர் சொன்னாரா விடச் சொல்லி?"

"இதுக்கு டாக்டர் எதுக்கு? தலையைத் தூக்கி மேல பாத்தா தெரியாதா?"

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ரோலரும் தட்டை நகர்த்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

இப்படியே நாலு வருஷம் போயிற்று.

ஐந்தாவது வருஷம் பூச்சுவின் இடது காது மடல் ஓரத்தில் ஒரு புண் வந்தது. மிளகளவு. மேலே செதில் மாதிரி ஒரு பொருக்கு. உதிரும், லேசாக ரத்தம் கசியும், ஆறிவிட்ட மாதிரி இருக்கும், மறுபடி வரும். தொப்பி உரசுகிறது என்றான் அவன். காதோரம் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தான். "யாரோ உன் காதுல பூ சுத்தியிருக்காங்கடா. அது காய்ஞ்சு போயிருக்கு" என்றார் ரோலர். எட்டு மாதம் அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தார்கள் எல்லோரும். பார்த்துப் பார்த்து, அது அவன் காதின் ஒரு பாகம் மாதிரி ஆகிவிட்டது.

ஒருநாள் காலையில் ரோலரின் கைப்பேசியில் ஒரு பெண் குரல். "நான் அவனோட அக்கா பேசறேன். உங்ககிட்ட வண்டி இருக்குன்னு தம்பி சொல்லுவான். ஆஸ்பத்திரிக்குப் போகணும். காதுக்குக் கீழ தாடையில கட்டி மாதிரி ஒண்ணு. சட்டைக்குக் காலர் அளவு எடுக்கும்போது கையில தட்டுப்பட்டுது. காதுல இருக்கிற புண்ணையும் இவ்வளவு நாள் எனக்குக் காட்டாம தலைமுடியை இழுத்து விட்டு மறைச்சிருக்கான்."

ரோலர் பதறிக்கொண்டு போனார். வழியெல்லாம் அவர்தான் பேசினார். நெறி கட்டியிருக்கும், மாத்திரை போட்டால் வடிந்துவிடும், தன் மாமனாருக்குக்கூட இப்படித்தான் இருந்தது என்றெல்லாம் சொன்னார். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பூச்சு பின் இருக்கையில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

தோல் டாக்டர் ஒரு பெண். காதையும் தாடையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கழுத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியை அவனுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சன்ஸ்கிரீன் பூசறீங்களா?"

"பூசறேன் டாக்டர்."

"வருஷம் முழுக்கவா?"

பூச்சு தலையைக் குனிந்துகொண்டான்.

"தினமும்தான் பூசறான் டாக்டர்" என்றாள் அக்கா. "ரெண்டு மாசத்துக்கு ஒரு டியூப் நான்தானே வாங்கித் தர்றேன். ஒரு தடவைகூடத் தவறினதில்ல."

"நான் அவரைக் கேட்கறேன்மா."

"வெயில் காலத்துல பூசுவேன்" என்றான் பூச்சு, தரையைப் பார்த்துக்கொண்டு. "மேகமா இருக்கிற மாசத்துல... விட்டுட்டேன். நாலஞ்சு வருஷமா."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ரோலருக்குத் தேவலையாக இருந்திருக்கும். நிதானமாகச் சொன்னார். "மேகம் வெளிச்சத்தைக் குறைக்கும், சூட்டைக் குறைக்கும். தோலைக் கெடுக்கிற கதிரை முழுசாத் தடுக்காது. பெரும்பங்கு உள்ளே வந்துடும். சூடு தெரியலைன்னு நாம நிழல்ல இருக்கிற மாதிரி நினைச்சுக்கறோம், இன்னும் அதிக நேரம் வெளியே நிக்கறோம். எல்லாருக்குமே அது கெடுதல்தான். உங்க தோல்ல அதைத் தாங்கற நிறமே கிடையாது. உங்களுக்கு அந்தப் பூச்சுதான் தோல்."

பூச்சு என்ற சொல்லைக் கேட்டதும் ரோலருக்கு யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. டாக்டருக்கு அவனுடைய பட்டப்பெயர் எப்படித் தெரியும்? தெரியாது. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"சதை வெட்டி சோதனைக்கு அனுப்பறேன். அனுபவத்துல சொல்றேன், தயாரா இருங்க. இது புற்றுநோய் மாதிரிதான் தெரியுது. கழுத்துக்கும் இறங்கியிருக்கு."

திரும்பி வரும்போது ரோலர் வண்டியை வேகமாக ஓட்டினார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு நழுவிவிடலாம் என்று ரோலர் நினைத்தார். பூச்சுவுக்கு நடை தள்ளாடியது, கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விடவேண்டியிருந்தது. சின்ன வீடு. கூடத்தில் பாதியைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே தம்பியின் அலமாரிக்குப் போனாள். துணிகளை வாரித் தரையில் போட்டாள். அடித்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தையல் மெஷின் மேல் வைத்தாள். பதினாலு டியூப். எல்லாம் அட்டைப்பெட்டி பிரிக்காதவை.

"இது என்னடா?"

"மறந்துபோயிட்டேன்க்கா."

"பதினாலு தடவையா?"

"ஆமாக்கா."

அவன் ரோலரின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால், 'இவரால்தான்' என்று கையை நீட்டியிருந்தால், எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்திருப்பார். அவர் சொல்ல வேண்டியதை அவன் விழுங்கிக்கொண்டான். அவரும் சொல்லவில்லை. வாய் ஓயாத மனுஷர், அந்தக் கூடத்தில் ஊமையாக நின்றுவிட்டு, "நான் வர்றேன்" என்று மட்டும் முனகிவிட்டு வெளியேறினார்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. இடது காதை முழுக்க எடுத்தார்கள். தாடைக்குள் இருந்த கட்டியையும் கழுத்து நெறிகளையும் எடுத்தார்கள். முகத்தை அசைக்கிற நரம்பின் மேல் கட்டி படர்ந்திருந்ததால் அந்த நரம்பையும் விட்டுவைக்க முடியவில்லை.

வெளியே நடையில் வரிசையாக நாற்காலிகள். அக்காவும் ரோலரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில், அதற்கு மேல் அடக்க முடியாமல் ரோலர் ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னார். பெயர் வைத்தது, நிலா வெளிச்சம், சாயத்தில் கையை முக்கியது, அவன் முகம் கழுவியது, நீலத் தொப்பி, நம்ம ஆளு என்று தட்டிக்கொடுத்தது. ஒன்றைக்கூட விடவில்லை. எத்தனையோ கதையைக் கைதட்டல் வாங்கிச் சொன்னவர், இதை நாக்கு குழறக் குழறச் சொன்னார்.

அக்கா முழுக்கக் கேட்டாள். அழுவாள், அடிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார்.

"ஏழு வயசுல அவனை நான் கையில வாங்கினேன்" என்றாள் அவள். "பள்ளிக்கூடத்துல எத்தனை பிள்ளைங்க அவனைப் பார்த்துச் சிரிச்சிருக்கும் தெரியுமா? எதுக்குமே அவன் பூசறதை விட்டதில்ல. அழுதுகிட்டே பூசிட்டுப் போவான். இருபது வருஷம்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "உங்களைப் பத்தி வீட்டுல பேசாத நாள் கிடையாது. அண்ணன் இதைச் சொன்னாரு, அண்ணன் அதைச் சொன்னாருன்னு. எனக்கும் நிம்மதியா இருந்துச்சு, வெளியில அவனுக்குன்னு ஒரு ஆள் இருக்காருன்னு."

"அம்மா, நான்..."

"கொஞ்சம் அந்தக் கோடியில போய் உக்காருங்க."

ரோலர் எழுந்து போய் நடையின் மறுகோடியில் உட்கார்ந்தார். மீதி நாலு மணி நேரமும் அங்கேயே இருந்தார். டாக்டர் வெளியே வந்து பேசியபோதும் கிட்டே போகத் துணியவில்லை. அவர்கள் உதடு அசைவதைத் தூரத்திலிருந்து பார்த்தார்.

பூச்சு பிழைத்தான். ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். உமிழ்நீர் வற்றி, எதைச் சாப்பிட்டாலும் மரத்தூள் மாதிரி இருக்கிறது என்றான். முகத்தின் இடதுபக்கம் அசைவில்லாமல் போயிற்று. இடது கண்ணை முழுசாக மூட முடியாது, தூங்கும்போது துணி கட்டிக்கொள்ள வேண்டும். காது இருந்த இடத்தில் தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல். இனி வெளி வேலை கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். 'பார்ப்போம்' என்று சொல்லாமல் சூப்பர்வைசர் முதல் தடவையாக உடனே ஒரு காரியம் செய்தார். அலுவலகக் கட்டடத்தின் உள்ளே, ஜன்னல் இல்லாத பதிவேட்டு அறையில் அவனுக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்.

ஒருநாள் மத்தியானம் ரோலர் அந்த அறைக்குப் போனார். குழல்விளக்கு வெளிச்சத்தில் ஒரு நோட்டை மூக்கருகில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் மெல்லிய வெள்ளைப் பூச்சு. ஜன்னல்கூட இல்லாத அறையிலும் பூசியிருந்தான்.

"வாங்கண்ணே" என்றான். பேச்சு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தது.

ரோலர் உட்காரவில்லை. "என்னை மன்னிச்சிடுடா. நான் பண்ணினது..."

"விடுங்கண்ணே. பூசறதை நிறுத்தினது நான்தானே. உங்க கை என் கையையா பிடிச்சுது?"

"எனக்காகப் பொய் சொல்லாத."

பூச்சு நோட்டை மூடினான். நெடுநேரம் அதன் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சரி, பொய் சொல்லல. சின்ன வயசுல பசங்க கேலி பண்ணுவாங்க. அப்ப எனக்கு வீம்பா இருக்கும். போங்கடா, நான் பூசத்தான் செய்வேன்னு இருப்பேன். அவங்கள்ல யாரையும் எனக்குப் பிடிக்காது, அதனால அவங்க சிரிச்சா வலிக்காது. உங்களை எனக்குப் பிடிச்சுது. நீங்க தோள்ல தட்டி நம்ம ஆளுன்னு சொன்னீங்க பாருங்க, அப்படி எங்கிட்ட யாருமே சொன்னதில்லண்ணே. அதை விட மனசு வரல. ஒவ்வொரு வருஷமும் மேகம் வந்ததும் டியூபைக் கையில எடுப்பேன். அப்புறம் உள்ள வெச்சிடுவேன்."

அவன் குற்றம் சாட்டுகிற மாதிரி சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான். ரோலர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வசவு வாங்கியிருந்தால் சுமந்துகொண்டு போயிருப்பார். அன்பை அல்லவா அவன் எடுத்துக் காட்டிவிட்டான்.

அந்த வருஷம் மேகம் மூடும் மாதத்தில் மைதானத்துக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். புல்வெட்டும் வண்டி ஓட்ட. நல்ல கறுப்பு நிறம், திடகாத்திரமான உடம்பு. கன்னத்தில் மங்கு படர்ந்திருந்ததால் அவளும் சாமான் அறையில் நின்று சன்ஸ்கிரீன் பூசினாள். பைப்பு சும்மா இருக்கவில்லை. ரோலரிடமிருந்து கற்ற பழக்கம்தானே. "ஏம்மா, தூறல்ல கரைஞ்சு ஓடிடப் போகுது" என்றார்.

"வாயை மூடுய்யா!" என்று ரோலர் கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் கோபத்தில் கத்தி யாரும் கேட்டதில்லை. பைப்பின் கையிலிருந்த டீ தளும்பிக் கொட்டியது. அந்தப் பெண் பயந்து டியூபைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நீ எதுக்கும்மா உள்ள வைக்கிற? எடு, எடுத்துப் பூசு. காதுக்குப் பின்னாலயும் பூசு" என்றார் ரோலர். நயமாகச் சொல்லத்தான் நினைத்தார், அதட்டலாகத்தான் வந்தது. அவள் அவசர அவசரமாகத் தடவிக்கொண்டு வெளியே ஓடினாள். அன்று முழுக்க அந்த மைதானத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. ரோலரும் வண்டியில் ஏறி, ஏற்கெனவே சமனாக இருந்த தரையின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டிக்கொண்டே இருந்தார். மாலையில் அவளிடம் போய், "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அந்தப் பெயராலேயே கூப்பிட்டார்.

தானும் பூசத் தொடங்கினார். ஐம்பது வயதுக்கு மேல், தடித்துக் கறுத்த அந்தப் பிடரியில் அது ஒட்டவே மாட்டேன் என்றது. அவர் மனைவிதான் பின்னால் நின்று தேய்த்துவிடுவாள். அன்றைக்கு டாக்டர் சொன்னாரா என்று கேட்டவள் அவள். இன்றுவரை ஒரு தடவைகூட அதை எடுத்துச் சொல்லிக்காட்டியதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூச்சுவை சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போவது ரோலரின் வேலை ஆயிற்று. யாரும் அவரைக் கேட்கவில்லை. முதல் தடவை வண்டியைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினார், அக்கா ஒன்றும் சொல்லாமல் தம்பியை ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகும் அப்படித்தான். ஹார்ன் அடித்தால் கதவு திறக்கும். தம்பி வருவான். அவள் வாசற்படியில் நிற்பாள், ரோலரைப் பார்க்க மாட்டாள். திரும்பி வந்து இறக்கிவிட்டால் தம்பியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே வாங்க என்றோ, எப்படி இருக்கீங்க என்றோ இரண்டு வருஷமாக ஒரு சொல் கிடையாது. ரோலரும் எதிர்பார்க்கவில்லை. பலமுறை வண்டியைத் திருப்பும்போது, கண்ணாடியில் அந்தச் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவார்.

ஒன்பதாவது தடவை போய் வந்தபோது டாக்டர் கழுத்தில் சின்னதாக ஏதோ தட்டுப்படுகிறது என்று சொல்லியிருந்தார். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், ஒரு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். வழியில் பூச்சுதான் ரோலருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் இறங்கி அக்காவிடம் சீட்டைக் கொடுத்தான். அவள் அங்கேயே நின்று படித்தாள். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. படித்து முடித்து, தம்பியை உள்ளே அனுப்பிவிட்டு, வண்டியின் ஜன்னல் அருகே வந்தாள். ரோலர் அவசரமாகக் கண்ணாடியை இறக்கினார்.

"அடுத்த மாசம் பத்தொன்பதாம் தேதி ஸ்கேன். நானும் வர்றேன்" என்றாள். "எட்டு மணிக்கெல்லாம் வந்துடுங்க."

"வந்துடறேன்மா" என்றார் ரோலர். அவள் அதற்குள் படியேறிப் போய்விட்டாள்.